மைசூர் வானில் அறுமீன்

பிறந்த ஊரை விட்டு வேற்றூரில் குடியேறும் குடும்பம் தன்னோடு கொண்டுவரும் பொருள்கள் சில. விட்டுவரும் பொருள்கள் பல. பித்தளைக் குடமும் குத்துவிளக்கும் வரும், கிணறு வராது. தாத்தாவின் படம் வரும். அவர் அமர்ந்திருந்த திண்ணை வராது. இவ்வாறு விட்டுவந்தவற்றை எண்ணி வருந்துவது நம்மனோர்க்கு இயல்பு. ஆயின், நாம் மூட்டை கட்டாமலே, வண்டிக் கட்டணம் செலுத்தாமலே நம்முடன் முழுமையாக வந்துவிட்ட பொருள் ஒன்று உண்டு. அதுவே வானம்.

இது வெறும் அலங்காரப் பேச்சன்று, கணக்கு. திருவண்ணாமலை நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 12 பாகையும் கால் பாகைக்குச் சற்றுக் குறைவுமான இடத்தில் இருக்கிறது. மைசூர் 12 பாகையும் கால் பாகைக்குச் சற்று மிகுதியுமான இடத்தில் இருக்கிறது. ஓர் ஊரில் எந்தெந்த விண்மீன் தோன்றும், எவ்வளவு உயரம் ஏறும் என்பதை முடிவு செய்வது அந்த அட்சரேகையே. ஆதலின் அண்ணாமலைக்கு மேலே எந்த வானமோ, சாமுண்டி மலைக்கு மேலேயும் அந்த வானமே. நாம் மேற்கே தள்ளி வந்திருப்பதால், அங்கே உதித்த மீன் இங்கே உதிக்க ஏறத்தாழப் பத்து நிமிடம் கூடுதலாகும். குடிபெயர்ந்ததற்கு வானம் நம்மிடம் வாங்கும் சுங்கம் இவ்வளவே.

இலண்டனுக்கும் டொராண்டோவுக்கும் சென்று வாழும் நம் உறவினர்க்கு இந்தப் பேறு இல்லை. தென்வானில் ஒளிரும் அகத்திய மீனை அவர்கள் தம் வீட்டிலிருந்து என்றுமே காண இயலாது. வடக்கே 37 பாகையைக் கடந்து சிறிது சென்றதுமே அது அடிவானுக்குக் கீழே மறைந்துவிடும். மைசூரிலோ அது தெற்கே 25 பாகை உயரம் வரை ஏறி நிற்கும். இவ்வளவு இருந்தும், நம் வீட்டுப் பிள்ளைகளில் எத்தனை பேர் அகத்திய மீனைக் கண்டிருக்கிறார்கள்?

பெயர் உண்டு, மீன் இல்லை

நம் குடும்பங்களில் விண்மீனின் பெயர் வழங்காத வீடே இல்லை. குழந்தை பிறந்ததும் நாள்மீன் இன்னதென்று குறிக்கிறோம். கோயிலில் அருச்சனைச் சீட்டு வாங்கும்போது மகம் என்றும் சித்திரை என்றும் கேட்டை என்றும் தடையின்றிச் சொல்கிறோம். திருமணத்தில் மணமக்களை அருந்ததி பார்க்கச் சொல்கிறோம். கார்த்திகையில் விளக்கேற்றுகிறோம், மார்கழியில் திருவாதிரைக் களி கிளறுகிறோம்.

ஆயினும், “பாட்டி, என் நட்சத்திரம் மகம் என்கிறாயே, அது வானத்தில் எங்கே இருக்கிறது?” என்று பேரன் கேட்டால் விடை கூறவல்ல பாட்டிமார் இன்று எத்தனை பேர்? அந்தப் பாட்டியின் பாட்டி, முற்றத்துக் கயிற்றுக் கட்டிலில் படுத்தபடியே கைநீட்டிக் காட்டியிருப்பாள். அறிவு குறைந்ததால் நேர்ந்த மாற்றம் அன்று இது. காட்டுவதற்கு உரிய பொருள் கண்ணுக்கு மறைந்துவிட்டது. காணாத பொருளின் பெயர் இரண்டு தலைமுறை வாழலாம். மூன்றாம் தலைமுறையில் அது சீட்டில் எழுதும் வெறுஞ்சொல்லாகிவிடும். வேற்றுமொழிச் சூழலில் பிள்ளைகளை வளர்க்கும் நமக்கு, சொற்கள் பொருள் இழப்பது எத்தகைய இழப்பு என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

நம் முன்னோர் தந்த அளவுகோல்

கார்த்திகை மீன்கூட்டத்திற்குப் பழந்தமிழில் அறுமீன் என்றும் ஆரல் என்றும் பெயர். ஆறு மீன்கள் தெரிந்தமையால் அறுமீன் என்றனர். இப்பெயரே இன்று நமக்கு ஓர் அளவுகோலாகிறது.

விண்மீன்களின் ஒளியை வானியலார் தர எண்ணால் குறிப்பர். எண் சிறியதாயின் ஒளி மிகுதி. எண் பெரியதாயின் ஒளி குறைவு. இருள் நிறைந்த இடத்தில் நல்ல கண் ஏறத்தாழ ஆறாம் தரம் வரை காணும். அறுமீனில் மிகவும் ஒளியுடையதன் தரம் 2.9, ஆறாவதன் தரம் 4.3. எனவே ஒருவர் தம் வீட்டு மாடியில் நின்று ஆறையும் எண்ண முடியுமாயின், அங்கே வானம் 4.3 ஆம் தரம் வரை திறந்திருக்கிறது என்று பொருள். நான்குதான் தெரியுமாயின், 3.9 அளவோடு திரை விழுந்துவிட்டது. ஒன்றிரண்டே தெரியுமாயின், அல்லது மங்கலான ஒரு புகைப்புள்ளியே தெரியுமாயின், அங்கே வானத்தின் பெரும்பகுதி ஒளியால் மூடப்பட்டுவிட்டது.

இரண்டாவது அளவுகோல் அருந்ததி. வடவானில் ஏழு முனிவர் எனப்படும் எழுமீன் கூட்டத்தில், வால் பகுதியின் நடுமீன் வசிட்டர். அதன் தரம் 2.2. அதனை ஒட்டி, முழுநிலவின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்கைச் சற்றே மிஞ்சிய தொலைவில் நிற்பது அருந்ததி. அதன் தரம் 4.0. வசிட்டர் நகரத்திலும் தெரிவார். அருந்ததியோ சிறிது ஒளி மிகுந்தாலும் மறைந்துவிடுவாள். நம் மகளிர்க்குக் கற்பின் சான்றாகக் காட்டப்பட்ட அந்த மீன், இன்று நம் நகரங்களின் இரவு கெட்டதற்குச் சான்றாக நிற்கிறது.

குவெம்பு நகரில் ஒரு நண்பரின் மொட்டைமாடியில், தை மாதத்து அமாவாசையை ஒட்டிய ஓர் இரவில், எட்டு மணியளவில் நாம் அறுமீனை எண்ணினோம். தலைக்கு நேர் மேலே, சற்று வடக்கே சாய்ந்து அது நின்றது. தெருவிளக்கை மறைத்துச் சுவரோரம் கால்மணி நேரம் நின்ற பின்னர் நான்கு மீன்கள் தெளிந்தன. உடனிருந்த பள்ளிச் சிறுமி ஒருத்தி ஐந்தாவதையும் கண்டதாகச் சொன்னாள். இளங்கண்ணை நாம் மறுக்கவில்லை. சில நாள் கழித்து நஞ்சன்கூட்டுச் சாலையிலிருந்து விலகிய ஒரு வயலோரத்தில் அதே சிறுமி ஆறையும் எண்ணிக் காட்டினாள். ஏழாவது ஒன்றும் இருப்பதாக வாதிட்டாள். இடையே இருந்த தொலைவு சிறிதே. இழப்போ இரண்டு மீன்கள்.

இரண்டுதானே என்று எண்ணலாகாது. இருள் காத்த இடத்தில் ஒரே நேரத்தில் ஏறத்தாழ இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட விண்மீன்கள் கண்ணுக்குத் தெரியும். நான்காம் தரத்தோடு திரை விழுந்த வானில் தெரிபவை இருநூற்றைம்பது அளவே. பத்தில் ஒன்பது பங்கு போயிற்று. ஆகாய கங்கை என்று நாம் அழைக்கும் பால்வீதியும் அத்துடன் போயிற்று.

மைசூரில் விளக்கு வந்த கதை

இவ்வூரின் மின்விளக்கோடு தமிழர்க்கு உள்ள தொடர்பு பெரிது. பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்தில் தோன்றிய சேஷாத்ரி ஐயர் 1883 முதல் 1901 வரை மைசூர் திவானாக விளங்கினார். காவிரி வீழும் சிவசமுத்திரத்தில் மின்னாற்றல் எடுக்கும் திட்டம் அவர் காலத்தில் தொடங்கியது. திட்டம் நிறைவேறுமுன் 1901 இல் அவர் மறைந்தார். அடுத்த ஆண்டு, 1902 இல், அம்மின்சாரம் ஏறத்தாழ 147 கிலோமீட்டர் கடந்து கோலார் தங்க வயலுக்குச் சென்றது. அங்கே நிலத்தின் அடியில் இருளில் உழைத்தவர்களில் பெரும்பாலோர் வட ஆர்க்காட்டுப் பகுதிகளிலிருந்து சென்ற நம் தமிழ்த் தொழிலாளரே. பின்னர் 1905 இல் பெங்களூரும், 1908 இல் மைசூரும் மின்விளக்குப் பெற்றன.

ஆகவே விளக்கை நாம் பழிக்கவில்லை. இருளில் வழுக்கி விழுந்த காலத்தையும், மண்ணெண்ணெய்ப் புகையில் படித்த காலத்தையும் மீட்டுத் தருமாறு எவரும் கேட்கமாட்டார்.

மைசூரின் ஒளி என்றதும் வெளியூரார் நினைவுக்கு வருவது அரண்மனை. ஞாயிற்றுக்கிழமைகளிலும் விடுமுறை நாள்களிலும் தசரா இரவுகளிலும் ஒரு லட்சத்தை ஒட்டிய விளக்குகள் அதன் மேல் ஒளிர்கின்றன. நம் வானத்தைக் கெடுத்தது அதுதான் என்று சிலர் எண்ணுகின்றனர். அது சரியன்று. அரண்மனை விளக்குகள் ஞாயிறுதோறும் சிறிது நேரமே எரிந்து ஒரேயடியாக அணைகின்றன. தசரா ஆண்டிற்குப் பத்து நாள். ஆண்டின் முந்நூற்றறுபத்தைந்து இரவும், அந்தி முதல் விடியல் வரை, எவரும் பாராத வானை நோக்கி எரியும் விளக்குகள் வேறு. அவை வணிக மாளிகையின் விளம்பரப் பலகையில் இருக்கின்றன. விளையாட்டுத் திடலின் உயர்கம்பத்தில் இருக்கின்றன. வட்டச்சாலை ஓரத்துக் கிடங்குகளில் இருக்கின்றன. நம் வீட்டு மாடிப்படிக்கு மேலும் இருக்கின்றன.

ஒளி ஏன் மறைக்கிறது?

விளக்கு விண்மீனை அணைப்பதில்லை. வானத்தை வெளுக்கச் செய்கிறது. மூடியில்லாத விளக்கிலிருந்து மேலே செல்லும் ஒளி, காற்றின் நுண்துகளிலும் தூசியிலும் பட்டுச் சிதறி மீண்டும் நம் கண்ணுக்கு வருகிறது. கரும்பலகையில் எழுதிய சுண்ணக்கோடு தெளிவாகத் தெரியும். அதே கோட்டைச் சுவரில் இட்டால் தெரியாது. மீன் முன்போலவே ஒளிர்கிறது, பலகைதான் வெளுத்துவிட்டது.

நிறமும் இதில் பங்கு கொள்கிறது. நீல ஒளி காற்றில் மிகுதியாகச் சிதறும். மஞ்சளும் சிவப்பும் குறைவாகச் சிதறும். பகல்வானம் நீலமாக இருப்பதற்கும் இதுவே காரணம். முன்னாளில் தெருக்களில் எரிந்த சோடிய விளக்கின் மஞ்சள் ஒளியில் நீலம் மிகக் குறைவு. 2015 முதல் நாடெங்கும் தெருவிளக்குகளை எல்.இ.டி. விளக்குகளாக மாற்றும் திட்டம் நடைபெற்றது. மின்சாரம் மிச்சமாவது பெரிய நன்மையே. ஆயின் குளிர்வெண்மை ஒளி தரும் எல்.இ.டி. விளக்கில் நீலம் மிகுதி. செலவு குறைந்ததால் ஒன்று எரிந்த இடத்தில் இரண்டு எரிக்கும் பழக்கமும் வந்தது.

இது மைசூருக்கு மட்டும் உரிய துன்பமன்று. உலகின் இரவு வானத்தை அளந்து 2016 இல் வெளியிட்ட ஆய்வு, மக்களில் மூன்றில் ஒரு பங்கினர் தம் வீட்டிலிருந்து பால்வீதியைக் காண இயலாதவராயினர் என்று கண்டது. பொதுமக்களே விண்மீன்களை எண்ணி அனுப்பிய ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட குறிப்புகளைக் கொண்டு 2023 இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு, வானின் வெளுப்பு ஆண்டிற்கு ஏறத்தாழ 9.6 விழுக்காடு வளர்கிறது என்றது. அக்குறிப்புகள் பெரும்பாலும் ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் எடுக்கப்பட்டவை. அந்த அளவில் வளருமாயின், ஒரு குழந்தை பிறந்தபோது 250 மீன்கள் தெரிந்த இடத்தில், அக்குழந்தைக்குப் பதினெட்டு வயதாகும்போது 100 மீன்களே தெரியும்.

வானத்தைத் தேடி ஓடியவர்கள்

நகரொளியைக் கண்டு முதலில் அஞ்சியவர்கள் வானியலார். 1867 இல் சென்னை நுங்கம்பாக்கத்து வான்காணகத்திலிருந்து சிந்தாமணி ரகுநாதாச்சாரி ஒளிமாறும் மீன் ஒன்றைக் கண்டறிந்தார். அம்மீன் சென்னையில் தெற்கே 14 பாகை அளவே உயரும். அத்தனை தாழ்ந்த வானத்தையும் அன்று சென்னை நகரின் நடுவிலிருந்து ஆராய முடிந்தது. இன்று அங்கே அடிவானை ஒட்டித் தெரிபவை விளம்பரப் பலகைகளே.

ஐதராபாத்தின் நிசாமியா வான்காணகம் நகரத்துக்குள் சிக்கிக்கொண்டபோது, பெரிய தொலைநோக்கியை நகருக்கு வெளியே ரங்காப்பூரில் 1968 இல் நிறுவினர். பின்னாளில் நகரம் அங்கேயும் தொடர்ந்து சென்றது. வேணு பாப்பு அவர்கள் இடம் தேடித் தேடி சவ்வாது மலையில் காவலூரைத் தேர்ந்தார். 1968 இல் சிறு தொலைநோக்கியோடு பணி தொடங்கியது. 1977 இல் யுரேனசு கோளின் வளையங்களைக் கண்ட வான்காணகங்களுள் அதுவும் ஒன்று. அங்கே 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986 இல் திறக்கப்பெற்று, அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. அதனினும் இருண்ட வானம் வேண்டி, லடாக்கின் ஹான்லேயில் 4,500 மீட்டர் உயரத்துக்கு ஏறினர். அப்பகுதி 2022 இல் இருள்வானக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. அங்கே ஊர் மக்களே தம் விளக்குகளுக்கு மூடியிட்டும், சன்னலுக்குத் திரையிட்டும் இரவைக் காக்கின்றனர்.

வானியலார் ஓடலாம், குடும்பம் நடத்துவோர் ஓட முடியாது. இருந்த இடத்திலேயே வானைக் காத்த ஊர் எதுவும் உண்டா? உண்டு. அமெரிக்காவில் அரிசோனா மாநிலத்தில் பிளாக்ஸ்டாப் என்னும் சிறுநகர், மைசூரைப் போலவே உயர்ந்த நிலத்தில் அமைந்தது. புளூட்டோ 1930 இல் கண்டறியப்பட்ட லோவல் வான்காணகம் அங்கேதான் உள்ளது. விளம்பரத்திற்காக வானில் ஒளிக்கற்றை வீசுவதை அந்நகர் 1958 இலேயே சட்டமிட்டுத் தடுத்தது. பின்னர் விளக்குகளுக்கு மூடி, நிறம், அளவு ஆகியவற்றை வரையறுத்தது. 2001 இல் உலகின் முதல் இருள்வான நகரம் என்னும் பெயர் பெற்றது. அங்கே தெருக்கள் இருண்டு கிடக்கவில்லை. மக்கள் அச்சத்தோடு நடக்கவும் இல்லை. ஒளி வேண்டிய இடத்தில் மட்டும் விழுகிறது, அவ்வளவே.

நம் மைசூரிலும் வானறிவு வளர வாய்ப்பு வந்திருக்கிறது. இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் தொடர்போடு, கோளரங்கம் உள்ளிட்ட அண்டவியல் கல்வி மையத்திற்கு 2022 மார்ச்சில் இங்கே அடிக்கல் நாட்டப்பட்டது. உள்ளே கூரையில் ஒளிரும் வானத்தைக் கண்டு மகிழும் பிள்ளை, வெளியே வந்து நிமிர்ந்து பார்க்கும்போது அங்கே ஒன்றும் இல்லையாயின் அது எத்தகைய கல்வி?

இன்னும் எஞ்சியிருப்பவை

இத்துணையும் சொன்னது மனத்தளர்ச்சி உண்டாக்குவதற்கன்று. மைசூர் வானம் முற்றும் இழந்த வானம் அன்று. நம் வீட்டு மாடியிலிருந்தே காணத்தக்கவை பல. அவற்றை நம் மாதக் கணக்கிலேயே சொல்வோம்.

கார்த்திகைத் தீபத்தன்று முழுநிலவு அறுமீனுக்கு அருகிலேயே நிற்கும். நிலவொளியில் மீன் மங்கும். ஆதலின் அன்று விளக்கேற்றுவோம். பத்து நாள் பொறுத்து மீனைப் பார்ப்போம். அப்போது நிலவு நள்ளிரவுக்குப் பின்னரே எழும். மாலை ஏழு மணிக்குக் கிழக்கே ஏறிவரும் அறுமீன், ஒன்பது மணிக்கு உயர்ந்திருக்கும். அந்த ஒளி அங்கிருந்து புறப்பட்டு ஏறத்தாழ 440 ஆண்டு ஆயிற்று. இராச உடையார் சீரங்கப்பட்டணத்தைக் கைக்கொண்ட 1610 ஆம் ஆண்டில் அவ்வொளி வழியில் வந்துகொண்டிருந்தது. அதே 1610 இல் இத்தாலியில் கலிலியோ தம் சிறு தொலைநோக்கியை அறுமீன்பால் திருப்பி, ஆறோடு மேலும் முப்பதுக்கும் மேற்பட்ட மீன்களைக் கண்டு படம் வரைந்து வெளியிட்டார். இன்று ஓர் எளிய இருகண் தொலைநோக்கியே அக்காட்சியை நமக்குத் தரும், நகர ஒளியிலும்கூட.

மார்கழியில் கிழக்கே செந்நிறமாய் எழுவது திருவாதிரை. நகர விளக்கையும் வெல்லும் ஒளியுடையது. 2019 இறுதியில் அது மங்கத் தொடங்கி, 2020 பிப்ரவரியில் வெறுங்கண்ணுக்கே தெரியுமாறு குன்றி, பின் மீண்டது. அம்மீன் உமிழ்ந்த தூசியே அதனை மறைத்தது என்று ஆய்வாளர் கண்டனர். களி கிளறிய வீடுகளில் எத்தனை பேர் அன்று நிமிர்ந்து பார்த்தோம்?

மாசியில் இரவு ஒன்பது மணிக்குத் தெற்கு நோக்கி நின்றால் அகத்தியர் தோன்றுவார். அவர் கமண்டலத்திலிருந்து பெருகியது காவிரி என்பது நம் பழங்கதை. அக்காவிரி பிறக்கும் குடகு நமக்கு அண்டைநாடு. நகரின் தென்கோடியில் வாழ்வோர்க்கு நகரொளி முதுகுப்புறம் இருப்பதால் இக்காட்சி எளிது. பங்குனியில் தலைக்கு மேலே மகம் நிற்கும்.

சித்திரை, வைகாசி இரவுகளே ஆண்டின் மணிமுடி. ஒன்பது மணிக்கு வடக்கு நோக்கினால் பாதி வானம் வரை எழுமீன் உயர்ந்திருக்கும்; அங்கே அருந்ததியைத் தேடலாம். அப்படியே திரும்பித் தெற்கு நோக்கினால் அடிவானுக்குச் சற்று மேலே சிலுவை வடிவில் திரிசங்கு நிற்கும். வானுக்கும் மண்ணுக்கும் இடையே நின்ற மன்னன் அவன். அந்த ஊருக்கும் இல்லாமல் இந்த ஊருக்கும் இல்லாமல் நிற்பவர் என்று நம்மைக் கேலி செய்வோர்க்கு, திரிசங்குவும் அழகாகத்தான் ஒளிர்கிறான் என்று காட்டலாம்.

ஆனி, ஆடியில் கேட்டை செந்நிறமாய்த் தென்வானில் உலவும். ஆயின் மழைமேகம் மறைக்கும். மழையையும் இங்குள்ள உழவர் மீனின் பெயராலேயே அழைக்கின்றனர். கதிரவன் திருவாதிரையோடு சேரும் நாள்களில் பெய்வது அவர்களுக்கு ஆரித்ரா மளெ. நம் திருவாதிரையும் அவர்கள் ஆரித்ராவும் ஒன்றே. அண்டைவீட்டுக் கன்னட அன்னையோடு மாடியில் நின்று பேச இதனினும் நல்ல பொருள் வேறென்ன வேண்டும்?

நாம் செய்யத்தக்கன

பெருந்திட்டம் ஒன்றும் வேண்டுவதில்லை. வீட்டுக்கு வெளியே எரியும் விளக்கு மேலே ஒளி சிந்தாதவாறு மூடியிட்டு, கீழ்நோக்கித் திருப்புதல் முதற்பணி. மூடியிட்ட விளக்கு வாசலுக்குத் தரும் ஒளி குறைவதில்லை. வீணாக மேலே சென்ற ஒளியே குறைகிறது. கண்ணைக் கூசச் செய்யும் விளக்கு திருடனைக் காட்டுவதைவிட மறைப்பதே மிகுதி. ஆகவே பெண்டிர் நடமாட்டத்திற்கும் பிள்ளைகள் பாதுகாப்புக்கும் இதனால் குறைவு நேராது. இரண்டாவது, குளிர்வெண்மை விளக்கினை விடுத்து 3,000 கெல்வினுக்கு மேற்படாத மஞ்சள் சாயலுடைய விளக்கினை வாங்குதல். கடையில் பெட்டியின் மேலேயே இவ்வெண் அச்சிடப்பட்டிருக்கும். மூன்றாவது, பத்து மணிக்கு மேல் மாடி விளக்கை அணைத்தல்.

குடியிருப்போர் சங்கங்களில் நம்மவர் பலர் பொறுப்பில் இருக்கிறார்கள். பூங்காவின் உயர்கம்ப விளக்கு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று ஒருமுறை பார்த்து, திருத்துமாறு மாநகராட்சிக்கு எழுதலாம். கன்னடத்தில் எழுதினால் மேலும் நலம்.

திருமணம் முடித்த வீட்டாருக்கும் ஒரு வேண்டுகோள். முகூர்த்த மண்டபத்தில் பகல் வெளிச்சத்தில், கூரையை நோக்கி அருந்ததி காட்டுவது சடங்கு, அது நடக்கட்டும். பின்னர் வரும் முதல் சித்திரையிலோ வைகாசியிலோ, நிலவில்லா இரவு ஒன்றில் மணமக்களை மாடிக்கு அழைத்துச் சென்று உண்மை அருந்ததியைக் காட்டுங்கள். கண்கள் இருளுக்குப் பழக இருபது, முப்பது நிமிடம் ஆகும். கைப்பேசியை எடுத்தால் அந்த நேரம் மீண்டும் தொடக்கத்திலிருந்து எண்ணப்படும். மங்கிய மீனை நேரே உற்றுப் பாராமல், சற்றே பக்கவாட்டில் நோக்கினால் அது தெளியும்.

நம் சங்கத்திற்கும் ஒரு பணி உண்டு. ஆண்டிற்கு ஒருமுறை, கார்த்திகைத் தீபம் கழிந்த பத்தாம் நாள், உறுப்பினர் தத்தம் வீட்டு மாடியில் அறுமீனை எண்ணி, தெருப்பெயரையும் எண்ணிக்கையையும் ஒரு அஞ்சலட்டையில் எழுதி அனுப்பலாம். போகாதியில் ஐந்து, விஜயநகரில் நான்கு, சரஸ்வதிபுரத்தில் மூன்று என்று இம்மாத இதழிலேயே அட்டவணை வெளியிடலாம். பத்தாண்டு தொடர்ந்து செய்தால், இந்நகரின் இரவைப் பற்றிய நல்லதோர் ஆவணம் தமிழர் கையில் இருக்கும். எண்ணும் பொறுப்பைப் பிள்ளைகளிடம் ஒப்படைத்தல் நன்று. அவர்கள் கண் கூர்மையானது. அதனினும் மேலாக, தம் கண்ணால் எண்ணிய பெயரை அவர்கள் மறவார்.

அகல்விளக்கு என்றும் விண்மீனை மறைத்ததில்லை. தனக்கு வேண்டிய இடத்திற்கு, வேண்டிய நேரத்திற்கு, வேண்டிய அளவே ஒளி தந்து அது அமைந்தது. வரும் கார்த்திகையில் அகல் ஏற்றும் நம் கைகள், அதற்கு அடுத்த பத்தாம் நாள் மாடிவிளக்கின் பொத்தானையும் சற்று நேரம் அணைக்கட்டும். பாட்டியும் பேரனும் கூடி எண்ணட்டும். எத்தனை என்று நமக்கு எழுதட்டும்.